பதினேழாம் கதவு

"சிஸ்டர், நான் தோத்துட்டேன்," என்றார் எப்ரேம்.

சொல்லிவிட்டு டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே தெரிந்தது, அது காலியாக இல்லை என்று.

சிஸ்டர் பெனிட்டா மறுநாள் சமையலுக்கான பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பதினேழா?"

"பதினேழுதான். இன்னியோட பதினொரு நாள். கதவையே திறக்க மாட்டேங்கிறார்."

எப்ரேமுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. முப்பத்தோரு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஐம்பத்தெட்டில் ஓய்வு, ஐம்பத்தொன்பதில் மனைவி போய்ச் சேர்ந்தாள். அந்த மாதமே மார்த்தா இல்லத்துக்கு வந்து, "எங்கிட்ட நேரம் நிறைய இருக்கு சிஸ்டர். சேவை செய்யக் கத்துக் குடுங்க" என்று நின்றார். சிஸ்டருக்கு வயது முப்பத்தாறு. அவர் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு சைக்கிளையும் இரண்டு பைகளையும் கொடுத்தார்.

மார்த்தா இல்லம் தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் சமையல்கூடம். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத வயசாளிகள் முப்பத்தெட்டு பேருக்கு அங்கிருந்து தினமும் அல்போன்சம்மாள் சமைக்கும் மதியச் சாப்பாடு போகும். சிரமத்தில் இருக்கும் இருபத்தோரு குடும்பங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை அரிசி, பருப்பு, எண்ணெய்.

எப்ரேம் வந்தபிறகு சாப்பாடு பறந்தது.

கழுத்தில் விசில். மணிக்கட்டில் கடிகாரம். கதவில் இரண்டு தட்டு, "சாப்பாடு!" என்று ஒரு குரல், நிறைந்த கேரியரை வைத்துவிட்டு நேற்றைய காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு அடுத்த வாசல். முப்பத்தெட்டு வாசலையும் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் முடித்துக் காட்டினார். வெள்ளைப் பலகையில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதியும் வைத்தார்.

இந்தப் பதினேழாம் எண் மட்டும்தான் புதிது. பத்து நாளைக்கு முன் சேர்ந்த பச்சைக் கதவு. உள்ளே தனியாக ஒரு பெரியவர். விழுந்து இடுப்பு ஒடிந்தவர். வாக்கர் என்கிற நாலு கால் பிடியை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வருவார்; அதற்குமேல் முடியாது. கடையிலிருந்து காசு கொடுத்து வரவழைக்கும் கடுங்காப்பியிலும் ரஸ்க்கிலும் ஓட்டுகிறார் என்று பக்கத்து வீட்டார் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்த டாக்டர், "இப்படியே போனா இந்த மாசம் தாண்டாது" என்றுவிட்டார்.

"முதல் ரெண்டு நாள் வாசல்லயே வச்சிட்டு வந்தேன். பூனை தின்னுட்டுது," என்றார் எப்ரேம். "மூணாம் நாள்லேர்ந்து கெஞ்சிப் பார்த்தேன். உள்ளேருந்தே, 'வேண்டாம் வே, எடுத்துட்டுப் போவும்'கிறார். பசியில சாகக் கிடக்கிற மனுஷன் சோத்தை ஏன் சிஸ்டர் திருப்பி அனுப்பணும்? இவருக்கு எப்படித்தான் கொடுக்கிறது?"

சிஸ்டர் ஒரு கல்லை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"நீங்க சாப்பிட்டாச்சா, மாஸ்டர்?"

"அப்பவே. பதினொண்ணரைக்கு. வெறும் வயித்தோட ஓடக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கே சொல்லுவேன்."

"நாளைக்குச் சாப்பிடாம போங்க."

"விரதமா?"

"இல்லை."

"பின்னே?"

சிஸ்டர் பருப்பை முறத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

மறுநாள் எப்ரேம் சாப்பிடாமல் போனார்.

கேரியரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பச்சைக் கதவின் முன்னால் நின்றார். தட்டினார்.

"யாருவே?"

"சாப்பாடு ஐயா!"

"வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லுதது? எடுத்துட்டுப் போவும்."

திரும்பி வந்தார். வயிறு எரிந்தது. அதைவிடக் கோபம் எரிந்தது.

"சாப்பிடாமதான் போனேன். ஒண்ணும் நடக்கலை, சிஸ்டர்."

"கையில என்ன இருந்தது?"

"கேரியர்."

"அதான்."

"கேரியர் இல்லாம போய் அங்க என்ன செய்ய?"

"பசிக்குதுன்னா ஒருத்தர் என்ன செய்வார்?"

"சாப்பிடுவார்."

"சாப்பாடு இல்லைன்னா?"

"கேட்டு வாங்குவார்," என்றார் எப்ரேம். அவருக்குக் காது சிவந்தது.

"சிஸ்டர்… அவரே பட்டினி. அவருகிட்டப் போயி நான்…"

"நாளைக்கு அல்போன்சம்மா கத்திரிக்காய் சாம்பார் வைக்கிறாங்க," என்றார் சிஸ்டர். "நீங்க சாப்பிட வேண்டாம்."

*

மூன்றாம் நாள் காலையிலும் எப்ரேம் சாப்பிடவில்லை. முப்பத்தேழு வாசலுக்கும் கொடுத்து முடித்தார். ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. ஒவ்வொரு கேரியரிலிருந்தும் சாம்பார் மணம் வந்து அவர் வயிற்றைப் பிடித்து இழுத்தது.

மணி இரண்டுக்கு, வெறும் கையோடு, பச்சைக் கதவின் முன்னால் வந்து நின்றார்.

வாழ்க்கையில் யாரிடமும் எதையும் அவர் கேட்டதில்லை. உத்தரவு போட்டிருக்கிறார். விசில் ஊதியிருக்கிறார். அவர் மனைவி கடைசிவரைக்கும், கேட்காமலேயே அவருக்கு எல்லாம் செய்தாள்.

தட்டினார்.

"யாருவே?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தார். கால் நகரவில்லை.

"பசிக்குது," என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னது?"

"பசிக்குது ஐயா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை."

கட்டில் கிரீச்சிட்டது. தரையில் நாலு கால் பிடி ஊன்றும் சத்தம். டக். நிற்கும். டக். நிற்கும். எப்ரேமின் நெஞ்சு, நூறு மீட்டர் ஓட்டத்தில் கோட்டில் குனிந்து நிற்கும் பையனுடையதுபோல் அடித்துக்கொண்டது.

தாழ்ப்பாள் விலகியது.

நெட்டையான மனிதர். எலும்புக்கூடு. கண் மட்டும் கங்குபோல் இருந்தது. எப்ரேமை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப்பாடு சாப்பாடுன்னு கத்துத ஆளுக்கா பசி?"

"ஆமா."

"வாரும் உள்ளே."

*

சின்ன வீடு. ஆனால் சுவரில் வாணலிகளும் கரண்டிகளும் அளவு வாரியாகத் தொங்கின. ஒன்றில்கூட கரி இல்லை. அடுப்பு தரையோடு இருந்தது. குனிய முடியாத மனிதருக்கு அது எட்டாத கிணறு என்று எப்ரேமுக்குப் பார்த்ததும் புரிந்தது.

"அரிசி டப்பாவுல இருக்கு. ரெண்டு கை போடும். மூணாவது கை போடும், நீரு பெரிய ஆளு. கழுவும். இப்படியா கழுவுவாவ? அரிசி என்ன, துணியா?"

எப்ரேம் கழுவினார்.

"வெங்காயம் ரெண்டு கிடக்கும். அந்தப் பாட்டில்ல காய்ஞ்ச இறாலு. எண்ணெய் காயட்டும். காயட்டும்னு சொல்லுதேன்! அவசரப்படாதேயும். இப்ப வெங்காயம். கிண்டாதேயும்."

"அடி பிடிக்குது ஐயா!"

"பிடிக்காது. காதை வச்சிக் கேளும். சத்தம் மாறும்."

எப்ரேம் காதைக் கொடுத்துக் கேட்டார். சடசட என்று இருந்தது மெல்ல இறங்கி, முணுமுணுப்பாக மாறியது.

"மாறிடுச்சு!"

"இப்ப இறாலைப் போடும்."

போட்டார். எழும்பிய மணத்தை இரண்டு பேருமே ஆழமாக இழுத்தார்கள்.

கட்டிலில் அவரும் தரையில் இவருமாகச் சாப்பிட்டார்கள். பெரியவர் முதலில் எப்ரேமின் தட்டைப் பார்த்தார். அதில் பாதி குறைந்த பிறகுதான் தன் தட்டில் கை வைத்தார். பிறகு இரண்டாம் தடவை வாங்கினார். பிறகு சட்டியை வழித்தார்கள்.

"ஏன் ஐயா," என்றார் எப்ரேம். "பன்னெண்டு நாளா ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

"வாசல்ல நின்னு என்ன கத்துவீரு?"

"சாப்பாடுன்னு."

"யாருக்கு?"

எப்ரேம் சட்டைப் பையிலிருந்த சீட்டைத் தடவி எடுத்தார்.

"எம் பேரு தெரியுமா உமக்கு?"

தெரியாது. அவர் சீட்டில், 'பதினேழு, பச்சைக் கதவு' என்றுதான் இருந்தது.

"சந்தியாகு," என்றார் பெரியவர். "கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போற தோணியில முப்பத்தெட்டு வருசம் சமையல் எனக்கு. பண்டாரின்னு கூப்பிடுவாவ. கடலு தலைகீழாப் புரண்ட அன்னிக்கும் அடுப்பை என் இடுப்போட கட்டிக்கிட்டுப் பதிமூணு பேருக்குச் சோறு வடிச்சவன். எனக்கு ஒருத்தன் வந்து பூனைக்கு வைக்கிற மாதிரி வச்சிட்டு ஓடுதான்."

எப்ரேம் தலையைக் குனிந்துகொண்டார்.

"உம்ம பேரு என்ன?" என்று கேட்டார் சந்தியாகு.

*

எப்ரேம் சைக்கிளை மிதித்த மிதியில் இரண்டு தெருநாய்கள் விலகி ஓடின. சமையல்கூடத்து வாசலிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"சிஸ்டர்! திறந்துட்டார்! கதவைத் திறந்துட்டார்! சாப்பிட்டார், ரெண்டு தட்டு!"

சமையல் செய்யும் அல்போன்சம்மாள் கும்பிட்டாள். காய் நறுக்குகிற பெண்கள் கை தட்டினார்கள்.

"உங்களுக்கு வயிறு நிறைஞ்சுதா, மாஸ்டர்?" என்றார் சிஸ்டர்.

"நிறைஞ்சுது சிஸ்டர். அப்படி ஒரு சாப்பாடு… என் வீட்டுக்காரி போனப்புறம்…"

சிஸ்டர் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினார்.

மறுநாளிலிருந்து பதினேழாம் வாசலில் கேரியர் இறங்கியது. எப்ரேம் அங்கே மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். வரும்போது கூடவே புகாரும் வந்தது.

"சாம்பார்ல பெருங்காயம் பச்சையாக் கிடக்காம்."

"ரசத்தைக் கொதிக்க விட்டுட்டீங்களாம். நுரை கட்டும்போதே இறக்கணுமாம்."

"பொரியல்ல தேங்காயை முதல்லயே போட்டுட்டீங்களாம்."

ஐந்தாம் நாள் அல்போன்சம்மாள் கரண்டியை ஓங்கிப் பாத்திரத்தில் அடித்தாள்.

"இருபது வருசமா இந்த அடுப்புல வேகுறேன்! அவ்வளவு தெரிஞ்சவரு இங்க வந்து சமைக்கட்டுமே!"

எப்ரேம் சங்கடத்தோடு சிஸ்டரைப் பார்த்தார்.

சிஸ்டர், "ம்" என்றார். அவ்வளவுதான்.

*

ஜூலை மாதக் கடைசியில் புனித மார்த்தாவின் திருநாள். அன்றைக்கு மட்டும் இருபத்தோரு குடும்பங்களும் கூடத்துக்கே வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். முப்பத்தெட்டு கேரியர் தனி. ஆக மொத்தம் நூற்றறுபது சாப்பாடு. விடிந்ததும் படகுக்காரர்கள் இரண்டு கூடை பாறை மீனைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

காலை எட்டு மணிக்கு அல்போன்சம்மாளின் போன் அடித்தது. பாளையங்கோட்டையில் அவள் மகளுக்கு வலி கண்டுவிட்டது. அவள் சேலையில் கை துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுப்பு பற்றவைக்கப்படாமல் இருந்தது. காய் நறுக்கும் பெண்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு பேருக்குச் சமைக்கலாம். நூற்றறுபது பேருக்கு?

"என்ன செய்ய சிஸ்டர்? நான் என்ன செய்யணும்? சொல்லுங்க!" எப்ரேம் நுனிக்காலில் நின்றார்.

"இந்தப் பங்குல நல்ல சமையல்காரர் யாரு, மாஸ்டர்?"

"அல்போன்சம்மாதான்."

"அவங்களை விட்டா?"

எப்ரேமின் கண் விரிந்தது. உடனே சுருங்கியது.

"அவரால நடக்க முடியாதே!"

"அவரை நடக்கச் சொன்னேனா?"

"ஆட்டோவுக்குள்ள குனிஞ்சு ஏற முடியாது. அந்தச் சந்துக்குள்ள வண்டியும் போகாது."

"கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி இருக்கு. கை வச்சது. தேக்கு."

"அது சாமியார் உக்கார்ற நாற்காலி சிஸ்டர்!"

"அவர் நின்னுக்குவார்."

*

எப்ரேமும் மீன் கொண்டுவந்த படகுக்காரர்கள் மூன்று பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சந்தியாகு கதவில் நின்று பார்த்தார். சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி. நான்கு ஆண்கள். வியர்வை.

"என்னைத் தூக்கிட்டுப் போவப் போறியளா? பொணமா நான்?"

"ஐயா, நூத்தறுபது பேரு பசியோட வருவாங்க. அல்போன்சம்மா ஊர்ல இல்லை. அடுப்பு பத்தவே இல்லை. எங்களுக்குத் தெரியாது. ஒண்ணுமே தெரியாது."

பெரியவர் தாடையைத் தடவினார். கடற்காற்று அவர் சட்டையைப் பிடித்து ஆட்டியது.

"தேங்கா எத்தனை இருக்கு?"

"நாப்பது!"

"சுவருலேர்ந்து அந்தப் பெரிய கரண்டியை எடும்."

தூக்கினார்கள். சந்துக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தபோது காற்றுக்கு எதிராக நாற்காலி மேலே மேலே போனது. சந்தியாகு கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாய்மரத்தடியில் நிற்கிறவர்போல் உட்கார்ந்திருந்தார். எப்ரேம் ஒரு கையால் நாற்காலியைத் தாங்கி, மறு கையால் விசிலை வாயில் வைத்து ஊதினார். பீப்! பீப்! மீன்காரிகள் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"யாரு வாராவ?"

"பண்டாரி வாராவ!" என்று திருப்பிக் கத்தினார் படகுக்காரர் ஒருவர். "வழிவிடுங்க, பண்டாரி வாராவ!"

சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தினமும் கேரியர் வைக்கும் வாசல்கள்தான் எல்லாம். அந்தச் சன்னல்களில் முகங்கள் இருந்தன. பல்லில்லாத ஒரு சிரிப்பு. போர்வைக்குள்ளிருந்து நீளும் ஒரு கை. இத்தனை மாதத்தில் எப்ரேம் இந்த முகங்களைப் பார்த்ததே இல்லை.

*

நாற்காலியைக் கூடத்தின் நடுவில், எல்லா அடுப்பும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். மணி ஒன்பதரை.

சந்தியாகு மீனைத் தூக்கிக் காட்டச் சொன்னார். செவுளைப் பார்த்தார்.

"நல்ல மீன். யாருக்கெல்லாம் பல்லு இல்லை?"

பெண்கள் எப்ரேமைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாத்தியாரே, உம்மைத்தான். கேரியர் கொண்டுபோறது நீருதானே? முப்பத்தெட்டு பேருல மீனு மெல்ல முடியாதவங்க யாரு? உப்பு ஆகாதவங்க யாரு? காரம் தின்னா இருமுறவங்க யாரு?"

எப்ரேம் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். எண்களும் கதவுகளும் இருந்தன. நீலக் கதவு, இரும்புக் கேட், மாடிப்படி அடியில்.

"தெரியாது ஐயா."

"அஞ்சு மாசமாப் போறீரு."

"தெரியாது."

"தோணியில இருபது நாளு ஒண்ணாக் கிடப்போம். எவனுக்கு எது ஆகும்னு தெரியாம நான் உலை வச்சதே இல்லை. போய்க் கேட்டுட்டு வாரும். அதுவரைக்கும் நான் தேங்காப் பால் எடுக்கச் சொல்லுதேன்."

எப்ரேம் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஏற்கெனவே ஒரு பென்சிலை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஓடினார். அன்றைக்கு ஓடியதுபோல் அவர் எந்த மைதானத்திலும் ஓடியதில்லை.

நீலக் கதவு. "அம்மா, நான் சாப்பாடு கொண்டு வர்ற எப்ரேம். உங்க பேரு என்னம்மா?"

மிக்கேலம்மாள். கீழ்ப்பல் இரண்டுதான் பாக்கி. மீன் பிடிக்கும், முள்ளுக்குத்தான் பயம்.

இரும்புக் கேட். தொம்மை. ரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது. "அஞ்சு மாசமா சாம்பாரைத் தண்ணியில கழுவித்தான் சாப்பிடுதேன். சொன்னா நிறுத்திருவியளோன்னு சொல்லலை."

மாடிப்படி அடியில். அக்காள் தங்கை இரண்டு பேர், ஆரோக்கியமும் இஞ்ஞாசியும். ஒரு கேரியர்தான் வருகிறது; பகிர்ந்துகொள்கிறார்கள். இன்னொருத்தி இருக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது.

எப்ரேம் சுவரில் சாய்ந்து அதை எழுதினார். அடுத்த வாசலுக்கு ஓடினார்.

பதினொன்றேகாலுக்கு வேர்த்து வழிந்து திரும்பி வந்து, மூச்சு வாங்க வாங்கப் படித்தார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி," என்றார். "குழம்பு வேண்டாம். சொதி."

"மீன் சொதியா?"

"தேங்காப் பால்ல கொதிக்காம வேகணும். மிளகாப் பொடி கிடையாது. பச்சை மிளகா கீறிப் போட்டு, கடைசியில எடுத்துரலாம். பல்லில்லாத ஒம்பது பேருக்கு மீனை உதிர்த்து, முள்ளு ஒண்ணுகூட இல்லாமப் பார்க்கணும். விரலாலப் பாருங்க, கண்ணை நம்பாதிய. உப்பு ஆகாத ஆறு பேருக்குச் சின்னப் பானை தனி, அதுல எலுமிச்சை பிழியுங்க. அந்த அக்கா தங்கச்சிக்கு ரெண்டு கேரியர். தீயைக் குறை! ஏ பிள்ளே, தீயைக் குறைன்னு சொல்லுதேன்!"

கூடம் துறைமுகமாகிவிட்டது. தேங்காய் உடைந்தது, துருவல் பறந்தது, ஒருத்தி பிழிய ஒருத்தி வடிகட்டினாள். படகுக்காரர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மீனை நறுக்கினார்கள். சிஸ்டர் முட்டிக்கால் போட்டு உட்கார்ந்து மீனை உதிர்த்தார். விரல் நுனியால் தடவித் தடவி முள் எடுத்தார். ஒரு முள் கிடைத்தபோது அதைத் தூக்கிக் காட்டி, பள்ளிக்கூடப் பெண்போல், "ஒண்ணு!" என்று கத்தினார். சிஸ்டர் சத்தம் போட்டு எப்ரேம் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய பானையில் சொதி விளிம்பில் மட்டும் சிலிர்த்தது. சந்தியாகுவின் நாற்காலியை இரண்டு பேர் தூக்கிப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். தன் கரண்டியால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

கூடமே மூச்சை அடக்கியது.

"இறக்குங்க," என்றார்.

ஆரவாரத்தில் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பிப் பறந்தன.

பன்னிரண்டரைக்கு வர வேண்டிய பந்தி ஒரு மணிக்கு உட்கார்ந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் தடவை சொதி கேட்ட ஒரு தாயைப் பார்த்து சந்தியாகு, "போடுங்க, போடுங்க, பால் குடுக்கிற உடம்பு" என்று நாற்காலியிலிருந்தே உத்தரவு போட்டார். பந்தி நடக்கும்போதே அல்போன்சம்மாளின் போன் வந்தது. பெண் குழந்தை. அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு சமைச்சது?" பதிலைக் கேட்டதும், "என்ன வச்சாரு?" என்றாள். பிறகு, "சொதியில கடைசியா என்ன சேர்த்தாருன்னு கேட்டு வையுங்க" என்றாள்.

சந்தியாகுவைக் கழித்து, இஞ்ஞாசியைக் கூட்டி, எப்ரேம் முப்பத்தெட்டு கேரியர்களோடு கிளம்பினார். அன்றைக்கு விசில் ஊதவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மிக்கேலம்மா! முள்ளே இல்லை, சிஸ்டர் தடவிப் பார்த்துட்டாங்க!" "தொம்மை அண்ணே, இது உப்பில்லாதது, கழுவ வேண்டாம்!" கதவுகள் திறந்தன. உள்ளே வா என்றார்கள். போனார்.

*

அவர் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. சந்தியாகு சாமியார் நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வயிறு ஏறி இறங்கியது.

சிஸ்டர் ஒரு பழைய நோட்டைத் திறந்து வைத்து, அன்றைக்குக் கிடைத்த புதுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். இஞ்ஞாசி.

எப்ரேம் எதிரே உட்கார்ந்தார். முகம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சு முட்டிக்கொண்டு வந்தது.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். நாளைலேர்ந்து சந்தியாகு ஐயா பேரை எந்தப் பட்டியல்ல எழுதுறது?"

"எந்தப் பட்டியல்னா?"

"சாப்பாடு வாங்கிக்கிறவங்க பட்டியல்லயா, கொடுக்கிறவங்க பட்டியல்லயா?"

"ரெண்டு இருக்கா?" என்றார் சிஸ்டர். "எங்கிட்ட ஒண்ணுதானே இருக்கு."

நோட்டை அவர் பக்கமாகத் திருப்பினார்.

முதல் பெயர் பெனிட்டா. இரண்டாவது அல்போன்சம்மாள். பிறகு மிக்கேலம்மாள், தொம்மை, ஆரோக்கியம், காய் நறுக்கும் பெண்கள், குடும்பங்கள், கடைசிக்கு முந்தைய வரியில் சந்தியாகு. எப்ரேமின் விரல் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில், பிப்ரவரி மாதத்துக்கு நேராக, நின்றது.

எப்ரேம்.

மை மங்கியிருந்தது. அவர் முதன்முதலாக இங்கே வந்த தேதி அது.

"சிஸ்டர்," என்றார். விரலை எடுக்காமலே நிமிர்ந்தார். "நான் சேவை செய்யத்தானே வந்தேன்?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் சிஸ்டர் பெனிட்டா. "அன்னிக்கு நீங்க கதவைத் தட்டினீங்க. தட்டினவங்க பேரை எழுதிக்கிட்டேன்."